தோமாவின் ஐயமும் மேடைச் சாட்சிகளும்

கிறித்தவ எழுப்புதற் கூட்டங்களிலே 'சாட்சி' என வழங்கும் ஒருவகைப் பேச்சு உண்டு. பேசுபவர் தம் வாழ்க்கையை இரு கூறாக்குவார். முற்கூறு இருள், பிற்கூறு ஒளி. இருளின் பகுதியிலே ஐயம், தருக்கம், நூற்கல்வி, கெட்ட சகவாசம், குடி யாவும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுக் கிடக்கும். இடையிலே ஓர் இரவு. அவ்விரவில் ஆண்டவர் அவரைச் சந்தித்தார், ஐயம் அகன்றது, அதன்பின் ஒரு கேள்வியும் எழவில்லை. கேட்டிருப்போர் கண்ணீர் சொரிவர். பின்வரிசையில் இருக்கும் மாணவனொருவனோ, விலங்கியலோ மெய்யியலோ பயிலத் தொடங்கிய நாள்முதலாக ஞாயிறு பாடசாலையிற் கற்றவை ஒவ்வொன்றாய் ஆட்டங்காண்பதைத் தன்னுள்ளே உணர்ந்து, எவரிடமும் சொல்ல அஞ்சியிருப்பவன், தலைகுனிந்து வெளியேறுவான். தன்னுடைய ஐயமும் ஒரு பாவம் என்பதையே அவன் அன்று கற்றுக்கொண்டான். சிறிது காலத்தில் அவன் இரண்டிலொன்றைச் செய்வான்: கோயிலை விட்டு நீங்குவான், அல்லது தனக்கு நேராத ஒரு சந்திப்பைத் தனக்கு நேர்ந்ததாகக் கூறக் கற்றுக்கொள்வான். முன்னையதினும் பின்னையதே கொடிது.

இம்மேடைச் சாட்சி கிறித்தவத்தின் பெயரால் நிகழ்வதாயினும் கிறித்தவ மரபுக்கு உண்மையானதன்று. ஐயத்திலிருந்து விசுவாசத்துக்கு ஒரு நேர்ச்சந்திப்பின் வாயிலாக வந்தோர் அம்மரபில் உளர் என்பது மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துக்களை நேரே படிப்போர்க்கு, மேடையிற் கேட்ட கதை அங்குக் கிடைப்பதில்லை. சந்திப்பு அவர்களுடைய வினாக்களுக்கு விடைகூறி முடித்துவைத்த சான்றாக அமையவில்லை. வினாவையே மாற்றியமைத்த அழைப்பாக அமைந்தது. ஐயம் அதன் பின்னரும் இருந்தது. சிலரிடத்தே முன்னிலும் கடுமையாக இருந்தது. இதனை மறைத்துக் கூறுவது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளைகளுள் பொய்ச்சாட்சிக்கு எதிரானதும் ஒன்று என்பதை மேடையினர் மறந்தனர் போலும்.

முதலிலே தோமாவை நோக்குதல் தகும். ஐயத்துக்கு மறுபெயராகவே வழங்கிவிட்ட அப்போஸ்தலர் அவர். யோவான் நற்செய்தியில் அவர் மூன்றிடங்களிற் பேசுகின்றார். முதலிடத்தில், இயேசுவைக் கல்லெறிய முற்பட்ட யூதேயாவுக்கு மீண்டும் செல்லுதல் ஆபத்து என மற்றைய சீடர் தயங்க, அவரோடு சென்று தாமும் மடிவோம் என்கிறார். இரண்டாமிடத்தில், இயேசு தாம் செல்லுமிடத்துக்கு வழியைச் சீடர் அறிவர் எனக் கூற, இடமே தெரியாதபோது வழி எவ்வாறு தெரியும் என வினவுகிறார். அங்கிருந்தோரில் வேறு எவர்க்கும் அது விளங்கியிருந்ததாகத் தெரியவில்லை. கேட்கும் துணிவு இவர் ஒருவர்க்கே இருந்தது. மூன்றாமிடமே யாவரும் அறிந்தது: காயங்களைக் கண்டு, தொட்டாலன்றி நம்பேன் என்பது.

இங்கு மேடையினர் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. தோமா இல்லாத அந்த முதல் மாலையில் உயிர்த்த இயேசு மற்றைய சீடர்க்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டினார் என்று அதே அதிகாரம் கூறுகின்றது. அவர்களும் கண்ட பின்னரே மகிழ்ந்தனர். லூக்கா நற்செய்தியோ, கல்லறையிலிருந்து வந்த பெண்கள் சொன்னதை அப்போஸ்தலர் வீண்பேச்சாகத் தள்ளினர் என ஒளிவுமறைவின்றி எழுதுகின்றது. எனவே தோமா கேட்டது ஏனையோர்க்குக் கிடைத்ததையன்றி வேறன்று. காண்பதைப் பொறுத்தவரையில் அவர் ஏனையோருக்கு ஒரு வாரம் பிந்தியவர், அவ்வளவே. அந்த ஒரு வாரத்துக்காக இருபது நூற்றாண்டுகளாகப் பழி சுமக்கின்றார்.

இன்னொன்று. இயேசு அவரை அழைத்து, விரலை நீட்டித் தொட்டுப்பார்க்கச் சொன்னார் என்கிறது பாடம். அவர் தொட்டார் என்று சொல்லவில்லை. ஏறத்தாழ 1601, 1602 ஆம் ஆண்டளவில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில் தோமாவின் விரல் காயத்தினுள்ளே புதைந்திருக்கின்றது. பிற்காலத்தார் மனத்திற் பதிந்தது ஓவியமேயன்றிப் பாடமன்று. பாடத்தின்படி, தோமா கேட்ட சோதனை அவருக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் அச்சோதனை நிறைவேறியதாகச் செய்தியில்லை. அழைத்தவரைக் கண்ட மாத்திரத்தில் அவர் வாயிலிருந்து எழுந்தது, 'ஆம், காயம் உண்மையே' என்னும் ஆய்வு முடிவன்று. எதிரில் நின்றவரை ஆண்டவரும் தேவனுமாக விளித்த விளி. அந்நற்செய்தியில் இயேசுவைப் பற்றி மனிதர் கூறும் கூற்றுக்களுள் இதனினும் உயர்ந்தது இல்லை. அது ஐயுற்றவனிடமிருந்தே வந்தது.

காணாது விசுவாசிப்போர் பேறுபெற்றோர் என இயேசு அடுத்துக் கூறியதைத் தோமாவுக்கு இட்ட கண்டனமாகக் கொள்வாரும் உளர். அவ்வாறாயின் அது அன்று அவ்வறையிலிருந்த அனைவர்க்கும் இட்ட கண்டனமாதல் வேண்டும். கண்டபின் நம்பியோரே அனைவரும். அக்கூற்றை அடுத்து, இந்நூல் எதற்காக எழுதப்பட்டது என வாசகரை நோக்கி ஆசிரியர் கூறுகின்றமையால், காணும் வாய்ப்பில்லாத பிற்காலத்தாரை நோக்கிய ஆறுதலாக அதனைக் கொள்வதே பொருத்தம். தோமா தென்னிந்தியாவுக்கு வந்து மயிலாப்பூரில் உயிர்நீத்தார் என்பது நெடுங்கால மரபு. அதன் வரலாற்று வலிமை பற்றி ஆய்வாளர் வேறுபடுவர். ஆயினும் தமிழகத்துக் கிறித்தவர் தம் முதல் அப்போஸ்தலராகப் போற்றுபவர் இந்த ஐயுற்ற மனிதரே என்பதும், ஐயத்தைப் பழிக்கும் மேடைகள் அவர் பெயர் தாங்கிய மலைக்குக் கூப்பிடு தொலைவிலேயே எழுப்பப்படுகின்றன என்பதும் வேடிக்கையே.

மேடைச் சாட்சிக்கு வரலாற்று முன்மாதிரியாக அடிக்கடி காட்டப்படுபவர் ஜோன் வெஸ்லி. 1738 மே 24 ஆந் திகதி மாலை, இலண்டன் அல்டர்ஸ்கேற் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்கு அவர் மனமின்றியே சென்றார். உரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் தம் இதயம் இனந்தெரியாத வெம்மை கொண்டதை உணர்ந்ததாக வெஸ்லி தம் நாட்குறிப்பிற் பதிந்தார். மெதடிஸ்த சபையார் அந்நாளை இன்றும் நினைவுகூர்வர்.

மேடையிற் கதை இங்கே முடியும். நாட்குறிப்பிலோ அது முடியவில்லை. முன்னும் நீள்கிறது, பின்னும் நீள்கிறது. முன்னே இருப்பது மூன்றாண்டுத் தோல்வி. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஆசிரியரும் குருவுமாயிருந்த அவர், அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குப் போதகராகக் கப்பலேறினார். 1736 சனவரியில் நடுக்கடலிற் புயல் வீசிப் பெரும்பாய் கிழிந்தபோது ஆங்கிலேயர் அலறினர். உடன்சென்ற ஜேர்மானிய மொறேவியரோ சங்கீதம் பாடுவதை நிறுத்தவில்லை. அஞ்சவில்லையா என வெஸ்லி பின்னர் வினவ, தம் பெண்டிர் பிள்ளைகளும் சாவுக்கு அஞ்சார் என்று விடை வந்தது. பிறருக்கு விசுவாசத்தைப் போதிக்கச் சென்றவர் தம்மிடம் அது இல்லை என்பதை அன்று அறிந்தார். நாடு திரும்பியபின், விசுவாசமற்ற தாம் போதிப்பதை நிறுத்துவதே நேர்மை என எண்ணி மொறேவியரான பீற்றர் போலரிடம் யோசனை கேட்டார். நிறுத்தவேண்டாம், கிடைக்கும்வரை அதனையே போதிக்குக, கிடைத்தபின் கிடைத்ததனாற் போதிக்குக என்றார் போலர். இவ்வறிவுரை சரியா தவறா என்பதில் இருவேறு கருத்துக்கு இடமுண்டு. போலியைப் பழக்கும் ஆபத்து அதிலும் இல்லாமலில்லை.

பின்னே இருப்பதுதான் மேடையினர்க்குப் பெருந்தொல்லை. இதயம் வெம்மையுற்ற அதே இரவில், மகிழ்ச்சி எங்கே, இது விசுவாசமாகுமா என்ற ஐயம் எழுந்ததாக வெஸ்லி எழுதுகின்றார். ஏழு மாதங்கள் கழிந்து 1739 சனவரி 4 ஆந் திகதி, தாம் இப்போது கிறித்தவன் அல்லன் என்றே குறித்துவைத்தார். 1766 இல், மெதடிஸ்த இயக்கம் வேரூன்றிவிட்ட நிலையில், தம்பி சார்ள்சுக்கு எழுதிய கடிதத்தில், தாம் கடவுளை நேசிக்கவில்லை, என்றுமே நேசித்ததில்லை என எழுதினார். சில சொற்களை அவர் சுருக்கெழுத்தில் மறைத்தும் எழுதினார். அதே கடிதத்தில் தம் போதனைப் பணியை விடமுடியாதபடி தாம் உந்தப்படுவதாகவும் கூறினார். அல்டர்ஸ்கேற்றுக்கு முந்திய தம் நிலையைப் பற்றித் தாமே கடுமையாக எழுதியிருந்த வரிகளுக்கு, முதுமைக் காலத்தில் நாட்குறிப்பின் புதுப்பதிப்பிலே, அது அவ்வாறுதானா என்பது உறுதியில்லை எனும் கருத்துப்பட அடிக்குறிப்பும் இட்டார். தம் சாட்சியின் 'இருட் பகுதி' உண்மையிலேயே அத்துணை இருளா என்று தாமே ஐயுற்று, அந்த ஐயத்தை அச்சிலும் ஏற்றிய மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்லிக் கட்டிய மேடையில் அத்தகைய அடிக்குறிப்பு ஒன்றுக்கேனும் இடமுண்டா?

ஐயம் எஞ்சியிருந்தமை ஒரு குறைபாடெனின், ஐயம் முற்றும் ஒழிந்தோரையும் பார்த்துவிடுவது நன்று. ஜோர்ஜ் விற்பீல்ட் வெஸ்லியோடு ஒக்ஸ்போட்டில் ஒரே பக்திக் குழுவில் இருந்தவர். அவருக்கு மூன்றாண்டு முன்னதாகவே, 1735 இல், மறுபிறப்பு அனுபவம் பெற்றவர். திறந்தவெளிப் பிரசங்கத்தில் வெஸ்லிக்கே வழிகாட்டியவர். அவர் ஜோர்ஜியாவில் அடிமை முறையைச் சட்டமாக்க வேண்டும் என வாதாடினார். தாமும் அடிமைகளை வைத்திருந்தார். 1770 இல் இறந்தபோது அவர்களை உடைமையாக எழுதிவைத்துச் சென்றார். ஜோன் நியூற்றன் 1748 இல் புயலிடை ஆண்டவரைக் கூவி உயிர்பிழைத்தவர். அதன் பின்னரே அவர் அடிமைக் கப்பலின் தலைவரானார்; 1754 வரை ஆபிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்றார்; அதே கப்பலில் மாலுமிகளுக்கு ஞாயிறு வழிபாடும் நடத்தினார். அவ்வணிகத்தை வெளிப்படையாகக் கண்டித்து நூல் எழுதியது 1788 இல். சந்திப்புக்கு நாற்பது ஆண்டுகளின் பின்னர். உலகெங்கும் பாடப்படும் அவருடைய கீர்த்தனைக்குப் பின்னால் இந்த நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. அவருக்கு வேண்டியிருந்தது மேலும் உறுதியா, மேலும் ஐயமா? கப்பலின் அடித்தளத்திலிருந்து எழுந்த ஓலத்தைக் கேட்டு, 'சந்தித்தவர் இதனை ஒப்புவாரா' என்று ஒருமுறை ஐயுற்றிருப்பின் எத்தனை உயிர்கள் விலங்கின்றி வாழ்ந்திருக்கும்! வெஸ்லியோ 1774 இல் அடிமை முறைக்கு எதிராக நூல் எழுதினார்; 1791 இல், இறப்பதற்கு ஒரு வாரம் முன்னர், அப்போராட்டத்தைக் கைவிடாதிருக்கும்படி வில்பர்போர்சுக்குக் கடிதம் எழுதினார். தம்மையே ஐயுறும் பழக்கம் இருந்தவருக்கு ஊரார் வழக்கத்தை ஐயுறுவதும் எளிதாயிற்று எனக் கருத இடமுண்டு.

இதுகாறும் கூறியவற்றால், நேர்ச்சந்திப்பு என்பதே மயக்கம் என்பார் மகிழ்ந்துவிடலாகாது. அவர்கள் பக்கத்து வாதமும் சோதனைக்குரியதே. 1927 இல், சாவுக்குப் பிந்திய வாழ்வு பற்றித் தமக்கு ஆர்வமில்லை எனச் சிக்மண்ட் பிராய்ட் கூறிய செய்தி வெளியானபின், அமெரிக்க வைத்தியர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். மருத்துவ மாணவனாயிருந்தபோது, சாந்த முகமுடைய மூதாட்டியொருத்தியின் உடல் அறுவை மேசைக்குக் கொண்டுசெல்லப்படுவதைக் கண்டு, கடவுள் இருப்பின் இதற்கு இடங்கொடார் என எண்ணிச் சமயத்தைத் துறக்கத் துணிந்ததையும், பின்னர் உள்ளத்தில் ஒரு குரல் எழுந்ததையும், சின்னாட்களில் ஐயம் நீங்கியதையும் அவர் விவரித்தார். பிராய்ட் மரியாதையாகவே விடை எழுதினார்: கடவுள் தமக்கு அவ்வாறு ஒன்றும் செய்யவில்லை, தம் வயதை நோக்கின் அவர் விரைய வேண்டும் என்றார். அந்நகைச்சுவையை எவரும் இரசிப்பர். ஆனால் 1928 இல் அதனையே ஒரு கட்டுரையாக்கி, மூதாட்டியின் உடல் தாயின் நினைவைக் கிளறியது, தந்தைமேற் கொண்ட பகை கடவுள்மேற் பாய்ந்தது, பின்னர் தந்தைக்குப் பணிந்த மனம் கடவுளுக்கும் பணிந்தது என்று முடிவு கட்டினார்.

பிராய்ட் அம்மனிதரைக் கண்டதில்லை. அவர் கையில் இருந்தது ஒரேயொரு கடிதம். இத்துணைச் சிறிய ஆதாரத்தின்மேல் இத்துணைப் பெரிய முடிவை ஒரு மாணவன் தேர்வு விடைத்தாளில் எழுதினால் எந்த விரிவுரையாளர் புள்ளி வழங்குவார்? அன்றியும், அம்முடிவு முற்றும் சரியென்றே கொண்டாலும், அது ஒரு நம்பிக்கை எவ்வாறு பிறந்தது என்பதைக் கூறுமேயன்றி, அந்நம்பிக்கை மெய்யா பொய்யா என்பதைக் கூறாது. வில்லியம் ஜேம்ஸ் 1902 இல் வெளியிட்ட சமய அனுபவம் பற்றிய நூலிலே இக்குறையை முன்னரே சுட்டிக்காட்டினார். தமஸ்கு வழியில் பவுல் கண்ட காட்சியை வலிப்புநோய் என்று பெயரிட்டுவிட்டால் விளக்கம் முடிந்ததாக எண்ணுவோரை அவர் எள்ளினார். கடவுளை மறுப்போன் மனநிலைக்கும் உடற்காரணம் உண்டன்றோ? வேரைக் கொண்டன்றிக் கனியைக் கொண்டே மதிக்கவேண்டும் என்பது அவர் அளவை. (பவுலைப் பற்றி ஒன்று: மேடையினர் அவரை ஐயமுற்றோர் வரிசையிற் சேர்ப்பது தவறு. அவரிடம் ஐயமே இருந்ததில்லை. கிறித்தவரைச் சிறையிட வேண்டும் என்பதில் அவர் பூரண உறுதியோடிருந்தார். தமஸ்கு வழியில் அவர் இழந்தது ஓர் உறுதியை.)

ஜேம்ஸின் அளவை நல்லதெனினும் போதியதன்று. கனி காய்க்க நாற்பது ஆண்டுகள் ஆகலாம் என்பதை நியூற்றன் காட்டிவிட்டார். மேலும் ஒரு தடை உண்டு. தமிழ் மாணவர் அதனைத் தாண்டிச் செல்ல முடியாது. நேர்ச்சந்திப்பே சமய உண்மைக்குச் சான்றெனின், அச்சான்று கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையிலே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டார் என்பது சைவ மரபு. அச்சந்திப்பைக் கட்டுக்கதை எனத் தள்ளிவிட்டு, தம் சந்திப்பை மட்டும் மறுக்கவொண்ணாச் சான்றாக நிறுத்துவோர் நேர்மையற்றோர். திருவாசகத்தை 1900 இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட ஜீ. யூ. போப் கிறித்தவக் குருவாகவே இருந்தார். அந்நூலில் ஒலிக்கும் அனுபவத்தின் மெய்ம்மையை உணர்ந்து போற்ற அவருக்குத் தம் விசுவாசம் தடையாயிருக்கவில்லை. நோக்குக: மாணிக்கவாசகரும் ஆட்கொள்ளப்பட்டபின் வினாவின்றி வாழ்ந்தவரல்லர். கைவிட்டுவிடாதே என இறைவனை நோக்கி இரங்கும் நீத்தல் விண்ணப்பம், சந்திப்புக்குப் பிந்திய குரலே.

இதன் மறுபுறமும் கருதத்தக்கது. வெஸ்லியின் வழிவந்தோர் 1814 இல் இலங்கைக்கு வந்தனர். அவர்களுடைய யாழ்ப்பாணப் பாடசாலையிற் கற்றுக் கற்பித்த ஆறுமுக நாவலர், பீற்றர் பேர்சிவலுக்குத் துணையாக விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அந்நூலை அவரளவு நுணுகிக் கற்ற கிறித்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர் சைவத்திலேயே நின்றார். நிற்றலோடமையாது 1854 இல் சைவதூஷண பரிகாரத்தையும் எழுதினார். கற்பிப்பதனாலும் வாதிப்பதனாலும் சந்திப்பை உண்டாக்கிவிடலாம் என எண்ணும் போதகர்க்கு இதனினும் தெளிவான விடையில்லை. சந்திப்பு என ஒன்று இருப்பின், அது எவராலும் நிகழ்ச்சிநிரலிற் குறிக்கக்கூடியதன்று.

அவ்வாறாயின் அது யாது? ஒருவரைப் பற்றி அறிதல் வேறு, அவரை அறிதல் வேறு. முன்னையது செய்தி, சான்றுகளாற் கூடும், குறையும். பின்னையது பழக்கம், எதிர்ப்பட்டவர்மேல் வைக்கும் நம்பிக்கை. நண்பன் ஒருவனை நம்புவோன் அந்நம்பிக்கையை ஒரு தேற்றம்போல நிறுவிக் காட்டியபின் நம்புவதில்லை. அதற்காக அவன் நம்பிக்கை குருட்டு நம்பிக்கையும் அன்று. ஏமாறியதை உணர்ந்தால் அதனை மீளப்பெறுகின்றான். கிறித்தவர் கூறும் சந்திப்பு இவ்வகையைச் சேர்ந்தது. ஆதலின் சந்தித்தவருக்கு அது வாழ்க்கையை மாற்றப் போதியதாகலாம். கேட்டிருப்பவருக்கோ அது பிறனொருவனுடைய சாட்சி மாத்திரமே. அவரை ஐயுறாதே எனக் கட்டளையிட எவருக்கும் உரிமையில்லை. சந்தித்தவரே ஏமாறியிருக்கவும் கூடும். அதனாலன்றோ சோதனை வேண்டப்படுகின்றது.

பிரெஞ்சுக் கணித அறிஞரான பஸ்கால் இதனை நன்குணர்ந்திருந்தார் போலும். 1654 நவம்பர் 23 ஆந் திகதி இரவு பத்தரை மணியளவிலிருந்து பன்னிரண்டரை மணியளவுவரை தமக்கு நேர்ந்ததை அவர் சில துண்டு வரிகளில் எழுதினார். தத்துவவாதிகளின் கடவுளன்று, ஆபிரகாமின் கடவுள் என்பது அதன் சாரம். அத்தாளை மேலங்கியின் உட்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். எட்டாண்டுகள் அங்கி மாற்றுந்தோறும் பிரித்துத் தைத்திருக்க வேண்டும். எவரிடமும் அதனைக் காட்டியதாகச் செய்தியில்லை. 1662 இல் அவர் இறந்தபின் பணியாளன் ஒருவனே கண்டெடுத்தான். அந்த எட்டாண்டுகளில் அவர் அறிவைத் துறந்தாரா? 1658 இல் வட்டப்புள்ளியுரு எனும் வளைகோடு பற்றிய கடினமான கணிதப் பிரச்சினைகளைத் தீர்த்தார். இறந்த ஆண்டிலே பாரிசில் பொதுமக்களுக்கான குதிரைவண்டிச் சேவையைத் தொடங்கத் துணைநின்றார். கிறித்தவத்துக்காக அவர் எழுதத் தொடங்கி முடியாதுபோன நூலின் குறிப்புக்களில் ஐயவாதியின் குரல் தாராளமாகவே ஒலிக்கின்றது. ஐயவாதியோடு வழக்காட முனைந்தவர், கையிலிருந்த அந்தத் தாளை ஆதாரமாக நீட்டவில்லை என்பதே வியப்பு. மேடையினர் கையில் அது கிடைத்திருந்தால் எத்தனை ஆயிரம் பிரதி அச்சாகியிருக்கும்!

சிமோன் வெய்ல் இன்னுமொருபடி மேலே சென்றார். மெய்யியல் ஆசிரியையாயிருந்து, தொழிற்சாலையில் கூலியாகவும் உழைத்த அவர், 1938 இல் கடுந்தலைவலியோடு சொலேம் மடத்தில் உயிர்ப்பு ஞாயிறையொட்டிய நாட்களைக் கழித்தார். பின்னர் ஜோர்ஜ் ஹேர்பேட்டின் ஆங்கிலக் கவிதையொன்றை அறிந்தார். வலி மிகும்போதெல்லாம் அதனை ஓதிவந்தார். அவ்வாறு ஓதிய ஒருபோதில் கிறித்து தம்மிடம் வந்ததாக 1942 இல் குரு ஒருவருக்கு எழுதினார். மனிதனுக்கும் கடவுளுக்குமிடையே அத்தகைய நேர்த்தொடர்பு கூடுமென்று தாம் எண்ணியதே இல்லை என்பதையும் எழுதினார். அதே கடிதத் தொடரில், திருமுழுக்குப் பெற்றுத் திருச்சபையிற் சேர மறுத்தமைக்குக் காரணங்களையும் அடுக்கினார். சந்திப்பு நேர்ந்தது, கேள்விகள் நின்றன, அவர் இரண்டையும் கைவிடவில்லை.

2007 இல் அன்னை திரேசாவின் அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது மேடைச் சாட்சியின் அடித்தளமே ஆட்டங்கண்டது. 1946 செப்ரெம்பர் 10 ஆந் திகதி தார்ஜீலிங்குக்குச் சென்ற புகையிரதத்தில் அவர் பெற்ற அழைப்பு யாவரும் அறிந்தது. அதன்பின் கல்கத்தாவில் பணி தொடங்கிய காலம்முதல் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள், 1997 இல் இறக்கும்வரை, அவர் உள்ளத்திற் பெரும்பாலும் வெறுமையே நிலவியது என்பதும், கடவுள் இருக்கின்றாரா என்ற வேதனை அவரை வாட்டியது என்பதும் அக்கடிதங்களால் வெளிப்பட்டன. கிறிஸ்தோபர் ஹிச்சின்ஸ் போன்ற மறுப்பாளர் அதனை விசுவாசமின்மைக்கு ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டனர். பக்தர் சிலர் அதனைப் பேசாமலே விட்டனர். இரு சாராரும் ஒரே தவறிழைத்தனர்: சந்தித்தவர் ஐயுறார், ஐயுறுவோர் சந்தித்தவரல்லர் என்பதே இருவருக்கும் பொதுவான எடுகோள். அவரோ ஒவ்வொரு நாளும் எழுந்து, கைவிடப்பட்டோர் கிடந்த தெருக்களுக்குச் சென்றுவந்தார். அவரது நிறுவனங்களின் மருத்துவத் தரம்பற்றி எழுந்த கண்டனங்கள் வேறு விடயம். அவற்றுட் சிலவற்றுக்கு நியாயமுண்டு. இங்குச் சொல்லவந்தது இதுவே: அவருடைய கடிதங்களை வாசித்த பின்னும், பின்வரிசையில் இருக்கும் மாணவனை நோக்கி, ஐயம் நீங்கினாலன்றி நீ விசுவாசியல்லை எனக் கூறத் துணிபவர், அந்த அம்மையாரையும் விசுவாசிகள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டே கூறவேண்டும்.

அம்மாணவனைக் கூட்டத்திலிருந்து நீக்குவது எளிது. அவனே தலைகுனிந்து போய்விடுவான். தோமாவின் கதையில் இதற்கு மாறான ஒரு சிறு செய்தி உண்டு. மற்றைய பத்துப் பேரும் கண்டுவிட்டனர், அவர் காணவில்லை, நம்பவும் மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். இரண்டு சந்திப்புக்களுக்கும் இடையே எட்டு நாட்கள். அந்நாட்களில் அவர்கள் என்ன பேசினர், எவ்வாறு உண்டனர், யார் யாரைக் கடிந்தனர் என்று யோவான் எழுதவில்லை. அவர் எழுதுவது இவ்வளவே: எட்டு நாட்களின் பின் கதவுகள் பூட்டியிருந்தன, சீடர்கள் மீண்டும் உள்ளே இருந்தனர், தோமாவும் அவர்களுடனே இருந்தார்.